ஆரஞ்சு ஒயர்

"அண்ணே, முதல்ல அந்த ஒயரைப் பிடுங்குங்க!"

குடையை மடக்கக்கூடப் பொறுமையில்லை சம்யுக்தாவுக்கு. யுனிவர்சிட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, தான் குடியிருக்கும் பில்டிங் வாசலுக்கு வருவதற்குள் முழங்கால் வரை நனைந்திருந்தாள். ஷார்ஜாவில் மூன்று நாளாக விடாத மழை. குளிரில் பல் தந்தியடித்தது. கோபத்தில் இன்னும் வேகமாக அடித்தது.

பார்க்கிங்கில், அதே பில்டிங்கில் குடியிருக்கும் ஜெயசீலன் அங்கிளின் எலெக்ட்ரிக் கார். அதன் மூக்கில் செருகிய ஆரஞ்சு ஒயர், கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளிகளின் மேல் ஏறி இறங்கி, சுவரோரமாக ஓடியது. கீழே தரையெல்லாம் தண்ணீர்.

"அதில்லம்மா... சார்தான் காலையில..." என்று ஆரம்பித்தார் கார்மேகம். அந்தப் பில்டிங்கின் நாத்தூர் அவர். காவல், கூட்டுவது, குழாய் அடைப்பு எடுப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

"சார் சொன்னா செஞ்சிடுவீங்களா? மழையில கார் சார்ஜ் போடக் கூடாதுங்கறது இங்க ரூல். யாருக்காவது ஷாக் அடிச்சா அவரா மாட்டுவார்? நீங்கதான் மாட்டுவீங்க!"

"நான் சொல்றத ஒரு..."

"ஜாயின்ட்ல பிளாஸ்டிக் கவர் வேற சுத்தியிருக்கு பாருங்க. அப்ப தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்கார்!"

கார்மேகம் எதையோ காட்டக் கையைத் தூக்கினார். அவள் பார்க்கவில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் ரூல் மட்டுமில்லை. போன வருஷம் ஜெயசீலன் இந்தக் காரை வாங்கி, சார்ஜ் போட பார்க்கிங்கில் ஒரு பாயின்ட் கேட்டபோது சம்யுக்தாவின் வீட்டைத் தவிர மற்ற பதினேழு வீடும் எதிர்த்தது. கார் வெடிக்கும், கட்டடம் பற்றிக்கொள்ளும் என்று வாட்ஸப் குரூப்பில் ஆளுக்கொரு பூதத்தைக் கிளப்பினார்கள். அவருக்காக ஒற்றை ஆளாக வாதாடி ஜெயித்தவள் சம்யுக்தாதான். அனுமதிக்கு ஒரே ஒரு நிபந்தனை. மழை நாளில் சார்ஜ் போடவே மாட்டேன் என்று அவரே குரூப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்.

முதல் குளிர்கால மழைக்கே வாக்கு காற்றில் போயாச்சு! இனி எந்த முகத்தோடு அந்தக் குரூப்பில் நியாயம் பேசுவது?

அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். 'அப்பவே சொன்னோமே' என்று நாலைந்து வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது.

அவள் வீட்டுக்குப் போய் ஈர உடை மாற்றிக்கொண்டு இறங்கி வந்த அரை மணி நேரத்தில், பில்டிங்கை நிர்வகிக்கும் சாதிக் பாட்ஷா வந்து இறங்கினார், கையில் ஸ்க்ரூடிரைவரோடு.

"நீதானேம்மா பூமி சூடாகுது, பனிமலை உருகுதுன்னு பேசிப் பேசியே என்னை மடக்கின? இப்ப யாரு ஜெயிச்சா?"

"தப்பு என்னோடதுதான் அங்கிள். பாயின்ட்டைக் கழட்டிடுங்க. வாக்குக் குடுத்துட்டு மீறுறவருக்கு அது எதுக்கு?"

"கழட்டுறதென்ன, சிமென்ட் வச்சே அடைச்சிடறேன். கலாஸ், கதை முடிஞ்சுது! கார்மேகம், நீயும் பையைக் கட்டு. இந்த மாசத்தோட உன் விசாவும் கேன்சல்."

கார்மேகத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"இது என்ன அநியாயம்?" சம்யுக்தா இப்போது அந்தப் பக்கம் பாய்ந்தாள். "தப்பு பண்ணினது கார் வச்சிருக்கிறவர், ஊருக்குப் போறது கூட்டிப் பெருக்கறவரா? நான் அதுக்கா கம்ப்ளைன்ட் பண்ணினேன்?"

"ஐயோ, ரெண்டு பேரும் ஒரு நிமிசம்..."

யார் கேட்டார்கள்? பாட்ஷா சுவரில் இருந்த சார்ஜ் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே எதுவும் மாட்டியிருக்கவில்லை. பிளக் இல்லை, ஈரமில்லை, தூசிதான் இருந்தது.

ஆரஞ்சு ஒயர் அந்தப் பெட்டியைத் தொடாமலே தாண்டிப்போய், பேஸ்மென்ட் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. மொத்த பில்டிங்குக்குமான மெயின் போர்டு இருக்கும் இடம் அது.

"அடப்பாவி! தன் மீட்டர்ல ஏறக் கூடாதுன்னு நம்ம எல்லார் கரண்ட்டையும் உறிஞ்சறாரா? இது திருட்டு அங்கிள், பச்சைத் திருட்டு!"

பாட்ஷா கதவைத் தள்ளித் திறந்து, ஒயரை இழுக்கக் குனிந்தார்.

"தொடாதீக சார்!"

கார்மேகம் போட்ட சத்தத்தில் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த அமைதியில்தான், படிக்குக் கீழே ஒரு மோட்டார் ஓடுவது கேட்டது.

"தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு வர்ற கரண்டு லைன் காலையில ஆறு மணிக்குப் போச்சு. கீழ விறுவிறுன்னு தண்ணி ஏறுது. உங்களுக்கு ஏழு வாட்டி போன் அடிச்சேன் சார். நீங்க எடுக்கல."

பாட்ஷா ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா மெயின் போர்டு முங்கியிருக்கும். டூட்டிக்குக் கெளம்புன ஜெயசீலன் சார், காரை விட்டு எறங்கி வந்து, மோட்டாருக்கு இந்த ஒயரை மாட்டிவிட்டாக. மழைக்கு முந்தியே ஃபுல்லா சார்ஜ் ஏத்தி வச்சிருந்தாகளாம். ராத்திரி வரைக்கும் தாங்கும், அணைச்சிராதன்னு சொல்லிட்டு, அந்தத் தண்ணியில ரோலா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போயி துபாய் பஸ்ஸைப் புடிச்சாக."

"அப்போ... இந்த ஒயர்?"

பதில் வேண்டுமென்று சம்யுக்தா அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இது காருக்குக் கரண்டு எடுக்கலம்மா. காரோட கரண்டை நமக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு."