ரப்பர் காது

கரண்ட் போன மறுநொடியே நர்ஸ் தமயந்தி டயாலிசிஸ் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். குழாயில் நிற்கும் ரத்தம் உறைவதற்குள் அதை உடம்புக்குத் திருப்பியாக வேண்டும். இந்த ஒத்திகையில் தேறினால்தான் புதிய பிரிவில் வேலை.

"பயப்படாதீங்கய்யா, கரண்ட்தான் போயிருக்கு. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள், கட்டிலில் கிடந்த பொம்மையிடம்.

டார்ச் பிடித்திருந்த சக நர்ஸ் ஜெபீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரப்பர் காதுடி அது. நீ கையைப் பாரு."

தமயந்தியின் கை தாளம் தப்பவில்லை, வாயும் ஓயவில்லை. சிவப்புச் சாயத் தண்ணீர் கடைசிச் சொட்டுவரை பொம்மைக்குள் போய்ச் சேர்ந்தது.

விளக்கு எரிந்தது. காலையிலிருந்து மூலையில் ஸ்டாப்வாட்சும் கையுமாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த தேர்வாளர் எழுந்து வந்தார்.

"முதல்ல வந்த டீம் உங்களைவிட ஒரு நிமிஷம் முந்திட்டாங்கம்மா."

தமயந்தி தலைகுனிந்தாள்.

"ஆனா வேலை உங்க ரெண்டு பேருக்கும்தான்."

"எப்படி சார்?" என்றாள் ஜெபீன்.

அவர் முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி மேலே சுருட்டினார். வருஷக்கணக்கில் டயாலிசிஸ் ஊசி ஏறிய நரம்பு, முன்கையில் கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"நான் படுத்திருந்தப்பவும் ஒருநாள் கரண்ட் போச்சு. மெஷினைப் பார்த்தாங்க, குழாயைப் பார்த்தாங்க. என்கிட்ட யாரும் பேசலை."