புறாவின் முறை

ஒரு பெரிய நகரத்துப் பழைய கட்டடத்தின் எழுபதாவது மாடியில், வருகிறவர்கள் ஊரைப் பார்ப்பதற்காக ஒரு தொலைநோக்கி இருந்தது. அதன் தலைமேல் தினமும் ஒரு பெண்புறா வந்து உட்காரும்.

ஒருநாள் மாலை ஒரு கணவனும் மனைவியும் ஏறி வந்தார்கள். துறைமுகத்தையும் கப்பல்களையும் தாண்டித் தொலைநோக்கியைத் திருப்பினார்கள்.

"அதோ நம்ம மொட்டைமாடி! உன் புடவைகூடத் தெரியுது" என்றான் கணவன்.

"ஐயோ, அந்தப் பக்கம் மழை இருட்டுதே. வாங்க, கிளம்பலாம்" என்றாள் அவள்.

புறாவுக்குச் சிரிப்பு வந்தது. "காலையில் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பார்க்கவா இவ்வளவு உயரம் ஏறுகிறார்கள்?"

"முக்கால்வாசிப் பேர் அதைத்தான் தேடுகிறார்கள்" என்றது தொலைநோக்கி. "ஆமாம், நாலு மணிக்கு மேல் அடைகாப்பது உன் முறை என்றாயே. மணிக்கூண்டில் ஐந்து அடித்துவிட்டது."

"என் வீட்டுக்காரர் எழுந்து போகமாட்டார். போனால் முட்டை குளிர்ந்துவிடும், அவருக்குத் தெரியும். இந்தக் காற்று அங்கே ஏது?"

"சும்மா ஒருதரம் பாரேன்."

புறா தலையைத் தாழ்த்திக் கண்ணாடி வழியே பார்த்தது. தூரத்து மாடி ஒன்றில் தண்ணீர்த்தொட்டி. அதன் ஓரத்தில் அவர்களுடைய கூடு. அங்கே மழை தொடங்கியிருந்தது. ஆண்புறா இரண்டு முட்டைகளின்மேலும் சிறகை விரித்து நனைந்துகொண்டிருந்தது. அதன் முகம் இந்தக் கட்டடத்தின் பக்கமே திரும்பியிருந்தது.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டது தொலைநோக்கி.

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.