ஓவனில் ஒரு பாத்திரம்

ஊறவைத்த பேரீச்சையையும் அத்திப்பழத்தையும் இளவரசி கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பினாள். ஆபீஸ் விட்டு வந்தால் அந்த டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவளுக்குப் பேச்சுத்துணை போன்தான். ஸ்பீக்கரில் மாமியார் தங்கம் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆரஞ்சுச் சாறு ஊத்திட்டேன் அத்தை. அடுத்து?"

"கொஞ்சம் தேன் விட்டு, முந்திரியை மேலே தூவு."

"முந்திரி அவருக்குப் பிடிக்காதே அத்தை."



"உனக்குப் பிடிக்கும்ல? போடு. பிறந்தநாள் உனக்குத்தானே."

இளவரசி கை நிறைய அள்ளித் தூவி, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்தாள்.

"பழம் உப்பி, ஓரமெல்லாம் கொதிச்சு வந்தா எடுத்துடு. சூடா சாப்பிடணும்."

"நீங்களும் இங்க இருந்தா நல்லா இருக்கும் அத்தை."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? கோல் மார்க்கெட்டிலிருந்து உன் வீட்டுக்கு என்ன பெரிய தூரம்..."

காலிங் பெல் அடித்தது. இளவரசி சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் மணி அடித்தது போனுக்குள்.

"அருள்ராஜ் வந்துட்டான்." தங்கம் குரலைத் தாழ்த்தினாள். "புதுப் பொண்டாட்டியும் கூடவே வந்திருப்பா. உன்கூடப் பேசறது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஆகாது. வெச்சிடறேம்மா."

"சரி அத்தை."

"தனியா இருக்கோம்னு அப்படியே மூடி வெச்சிடாதே. உட்கார்ந்து சாப்பிடு, என்ன?"

போன் அடங்கியது. விவாகரத்து ஆனதிலிருந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள், அன்று மேசையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.