கடலுக்கும் குத்தகை உண்டு

"எல்லாம் சரி மாப்ள. கடலை இந்த வருசம் யாரு குத்தகைக்கு எடுத்திருக்காக?"

ஈஸ்வரபாண்டி இப்படிக் கேட்டதும், மச்சினன் சுருளி போனில் ஓடிக்கொண்டிருந்த மீன்பிடி வீடியோவை நிறுத்தினான். ஒரு வாரமாக அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இருவரும் கடற்கரைப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேனிப் பக்கம் அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். கடலில் கால் நனைத்ததோடு சரி, தூண்டில் போட்டதில்லை.

"கடலுக்கு ஏது மச்சான் குத்தகை? அது பாட்டுக்குக் கெடக்கு."

"கண்மாயும்தான் அது பாட்டுக்குக் கெடந்துச்சு. போன வருசம் என்ன ஆச்சு?"

போன வருடம் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த சுந்தரலிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஈஸ்வரபாண்டி தூண்டில் போட்டுவிட்டார். மாட்டியது இரண்டே இரண்டு ஜிலேபி மீன். சுந்தரலிங்கம் மீனையும் தூண்டிலையும் பிடுங்கிக்கொண்டதோடு விடவில்லை. கோயில் மைக்கில் பெயர் சொல்லி ஊருக்கே அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து ஈஸ்வரபாண்டி டீக்கடைக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போய்வருகிறார். வெளியூரிலாவது முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் தலை நிமிர்ந்து வர வேண்டும். அது அவருக்கு வைராக்கியமாகிவிட்டது.

"சரி, புழு?"

"நம்ம தோட்டத்து மண்புழு ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன்."

"உப்புத் தண்ணி மீனு திங்குமாடா?"

"அதுக நம்மூருப் புழுவப் பாத்ததே இல்ல மச்சான். ஆசையா வரும்."

"தண்ணி எப்ப வரும்?"

"காலைல ஏறுமாம், மத்தியானம் வத்துமாம்."

"யாரு தொறந்து விடுறா?"

"நிலாவாம்."

"அப்பச் சரி. நம்ம வாய்க்கா மாதிரி மொறத் தண்ணிக்குச் சண்டை இருக்காது."

காப்பியோடு வந்தாள் முத்துலட்சுமி. ஈஸ்வரபாண்டிக்கு மனைவி, சுருளிக்கு அக்கா. இருவருக்கும் சேர்த்து மூளை அவளிடம்தான் இருக்கிறது என்று அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

"இங்க பாருங்க. இந்த ஊரு மைக்கு பத்தாதுன்னு அங்கன போயும் பேரு வாங்கிராதீக. மொதல்ல குத்தகைக்காரரு யாருன்னு பாத்துக் கேளுங்க. கேக்குற வரைக்கும் தூண்டி வண்டிய விட்டு எறங்கக் கூடாது. கைலியக் கட்டிக்கிட்டுப் போயி நின்னா எவன் மதிப்பான்? ரெண்டு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில ஒரு நோட்டு. விட்டாகன்னா அவுக பேரை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கங்க. நாளைக்கு ஒருத்தரும் பேசக் கூடாது பாருங்க."

"மீனு பிடிக்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமாக்கா?" என்றான் சுருளி.

"ரெண்டுக்கும் மரியாதை வேணும்டா. பேசாமக் காப்பியக் குடி."

சனிக்கிழமை காலை, தூத்துக்குடிக்குத் தெற்கே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கடற்கரையில் சுருளியின் வேன் நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டி சட்டையோடு இருவரும் இறங்கினார்கள். தூண்டில்கள் சொன்னபடி வண்டிக்குள்ளேயே இருந்தன.

கரையில் ஒரே ஓர் ஆள்தான். பெரிய குடை நட்டு, மடக்கு நாற்காலி போட்டு, தொப்பி வைத்துத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறைய வெள்ளை வெள்ளையாக மீன்.

"உக்காந்திருக்கிற தோரணையப் பாரு. இவருதான்" என்றார் ஈஸ்வரபாண்டி.

செருப்பு மணலில் புதையப் புதைய நடந்து போனார்கள். இந்த மனிதர் முடியாது என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? ஈஸ்வரபாண்டி நோட்டைத் திறந்தார்.

"வணக்கம். கடல் குத்தகை விசயமாப் பேசணும்."

அந்த ஆள் சட்டென்று எழுந்து தொப்பியைக் கழற்றினார். நோட்டைப் பார்த்தார். வேட்டிகளைப் பார்த்தார்.

"எழுத வேண்டாமே" என்றார் மெல்லிய குரலில்.

"இல்லங்க, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. உங்க பேரு மட்டும்…"

"பேரெல்லாம் எதுக்குங்க?"

சொல்லிக்கொண்டே வாளியிலிருந்து பாதி மீனை அள்ளி ஒரு பையில் போட்டு, ஈஸ்வரபாண்டியின் கையில் திணித்தார். கடற்கரைக்காரர்களுக்குத் தாராள மனசு போலிருக்கிறது என்று ஈஸ்வரபாண்டி நினைத்துக்கொண்டார். அந்த ஆள் தூண்டிலைச் சுருட்டினார், குடையை மடக்கினார், இருவரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

"பாத்தியா மாப்ள, எடத்தையும் நமக்கு விட்டுக் குடுத்துட்டுப் போறாரு! நம்ம ஊர்லயும் இருக்காரே ஒரு குத்தகைக்காரரு!"

ஈஸ்வரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"முத்துலட்சுமி, கையெழுத்துதான் போடல. ஆனா குத்தகைக்காரரு கும்புட்டு மீனு குடுத்தாரு! வர்றப்ப நேர் ரோட்டுலயே வாறேன்."

அதே நேரத்தில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டு, அந்த ஆளும் அதே தேனிப் பக்கம் கடமலைக்குண்டில் இருக்கும் தன் மனைவிக்குப் போன் போட்டிருந்தார்.

"மலையம்மா, கேக்காமத் தூண்டி போடாதீகன்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன, நான்தான் கேக்கல. கடலைக் குத்தகைக்கு எடுத்தவுக ரெண்டு பேரு நோட்டோட நேர்லயே வந்துட்டாக. புண்ணியவானுக, பாதி மீனை வாங்கிக்கிட்டு, பேரக்கூட எழுதாம விட்டுட்டாக!"