ஊசி தேயாது

"பார்த்தவுடனே தெரியணும், இந்த மனுஷன் பாட்டுல மூழ்கிக் கிடக்கிறான்னு. அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றார் மாமனார்.

கடைக்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் தோளில் கிடந்த கைக்குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. கணவன் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போயாயிற்று. இந்த நேரத்தில் ரிட்டயரான மனிதருக்கு ரெக்கார்ட் பிளேயர் கேட்கிறது. அதுவும் கடையிலேயே உசத்தியானது.

"இதைப் பாருங்க ஐயா. தட்டு மட்டுமே நாலு கிலோ. ஆடாது, அசையாது. இருபது வருஷத்துக்குக் கவலையில்ல."

மாமனார் வெறும் தட்டைச் சுற்றவிட்டு, பக்கத்தில் காதை வைத்தார்.

"மோட்டார் சத்தம் வரல. நல்லது."

"பாட்டு போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம். உள் ரூம்ல இருந்து பார்த்தா, சுத்துறது தெரியுமா?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான்.

"தெரியும் ஐயா, விளக்கு இருக்கு. ஸ்பீக்கர் எந்த மாதிரி வேணும்?"

"ஸ்பீக்கர் வேண்டாம், பிள்ளை தூங்கும். ஹெட்போன் கொடுங்க. பெரிசா தெரியணும்."

"சரி. ஊசி மட்டும் தேயும். தினமும் கேட்டா ரெண்டு வருஷத்துல மாத்தணும். இப்பவே ஒண்ணு கூட வாங்கி வச்சுக்கோங்க."

"ஊசி தேயாது."

"தேயாம எப்படி ஐயா?"

"என் கைக்குத் தேயாது" என்று சிரித்தார்.

"வீட்டுல ரெக்கார்ட் எத்தனை வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. நீங்களே ஒண்ணு கொடுங்க."

"யார் பாடினது?"

"மேல இருக்கிறதை எடுங்க."

கடைக்காரர் மேலே இருந்த ரெக்கார்டை எடுத்து வைத்தார். பெட்டியைக் கட்டும்போது அவளை மட்டும் ஒரு தடவை பரிதாபமாகப் பார்த்தார்.

சரியான பகட்டு, இந்த வயசில், என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

வீடு சின்னது. ஹாலில் மாமனாரின் கட்டில், உள்ளே அவள் அறை. கதவைச் சாத்தினாலும் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் அக்காவிடம் போனில் பேசவேண்டுமென்றால் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குசுகுசுப்பாள். பாதி நாள் பேச்சு அழுகையில் முடியும்.

அன்று மாலை மாமனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"இதை மாட்டிட்டா இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காதும்மா. ஏதாவது வேணும்னா வந்து தோளைத் தட்டு."

முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தட்டு சுற்றியது. தலை மெல்ல ஆடியது.

"மாமா, காப்பி போடட்டுமா?" என்று கதவருகில் நின்று கேட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்தே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, இன்னிக்குத் தண்ணிச் சத்தத்தையே காணோம்?"

"மாமா பாட்டு கேக்கிறார். உலகமே தெரியல அவருக்கு."

"கொடுத்து வச்ச மனுஷன்."

"அக்கா, குட்டியைக் குளிப்பாட்டவே பயமா இருக்குக்கா. கை நடுங்குது. வழுக்கிடுவானோன்னு இருக்கு. ஈரத்துணியால துடைச்சுத்தான் விடுறேன். டாக்டர் அப்படித்தான் சொன்னார்னு மாமாகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன்."

"பொய்யா? நம்மளைப் படிக்க வச்ச கான்வென்ட் சிஸ்டருங்க கேட்டா நொந்துபோவாங்க. அவரையே பிடிச்சுக்கச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? பெத்தவளுக்கே பிள்ளையைப் பிடிக்கத் தெரியலன்னு நினைக்க மாட்டாரா?"

மறுநாள் காலை ஹாலில் ஒரு பெரிய டப்பில் வெந்நீர் இருந்தது.

"சும்மாவே இருந்து கை மரத்துப் போச்சும்மா. பேரனை நான் பிடிச்சுக்கிறேன், நீ தண்ணி ஊத்து. டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்."

குழந்தையின் கழுத்துக்கடியில் அவருடைய பெரிய உள்ளங்கை. அவள் ஊற்றினாள். குட்டி அழவேயில்லை.

இன்னொரு நாள், நின்றுகொண்டே சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிற்றில் எதுவும் ஒட்டவில்லை என்று அக்காவிடம் புலம்பினாள். அடுத்த வேளை மாமனார் கையை நீட்டினார். "குட்டியைக் கொடு. நீ உட்கார்ந்து சாப்பிடு."

"சொல்லி வச்ச மாதிரி நடக்குதுக்கா. எனக்கு ஒண்ணுமே புரியல" என்றாள் அன்று மாலை.

அந்த வாரம் மாமனார் வெளியே போயிருந்தபோது, குட்டியின் துண்டு பிளேயருக்குப் பின்னால் விழுந்துவிட்டது. குனிந்து எடுத்தாள்.

துண்டோடு ஹெட்போன் வயரும் கையில் வந்தது. கடையில் சுருட்டிக் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. செருகவேண்டிய முனையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

ஊசியைப் பார்த்தாள். அதன் மூடியும் கழற்றப்படவில்லை.

முகம் குப்பென்று சூடாயிற்று. அப்படியென்றால் எல்லாமே கேட்டிருக்கிறது. அழுதது, பொய் சொன்னது, எல்லாம். கோபமா வெட்கமா என்று பிரிக்கத் தெரியாமல் துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

பிறகு வயரை இருந்தபடியே பின்னால் தள்ளிவிட்டாள்.

மாலையில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். தட்டு சுற்றியது. போனை எடுத்துக்கொண்டு குளியலறை வரை போனவள், குழாயில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அறை வாசலிலேயே உட்கார்ந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள்.

"இன்னிக்கு நானே குட்டியைப் பிடிச்சுக் குளிப்பாட்டினேன்க்கா. கை நடுங்கல. பக்கத்துல மாமா இருந்தார், அது போதும்னு இருந்துச்சு."

ஹாலில், பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த தலை தாளம் தப்பியது.