பக்கத்துக் கல்லூரி

"விருதுநகர ஏன் கோடு போட்டு அடிச்சீக? அங்கன நிச்சயமா எடம் கெடைக்கும், பீஸும் கம்மி" என்று எகிறினான் பட்டாசுக் கம்பெனி கணக்குப்பிள்ளை ராஜசிங்.

விண்ணப்பம் போட அவன் மனைவி அருள்மணி எழுதிவைத்திருந்த மூன்று கல்லூரிகளில் மதுரையையும் பாளையங்கோட்டையையும் மட்டுமே விட்டுவைத்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் அவன் அம்மா ஜெயக்கொடி.

"அந்த ரெண்டும் கெடைக்கலன்னா?"

"அடுத்த வருசம் போடட்டும்!"

"விருதுநகர்னா தெனமும் சாயந்தரம் வீட்டுக்கு வந்துருவா. ஹாஸ்டல் செலவு மிச்சம்."

வீடு என்றதுமே ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானும் தெனமும் வீட்டுக்கு வந்துதாம்லே டீச்சர் டிரெயினிங் படிச்சேன். பாதியில நீ வயித்துல வந்துட்ட. இன்னைக்கு வரைக்கும் மணியடிக்கேன்! எம் மருமவ படிச்சு முடிக்கிற வரைக்கும் ஹாஸ்டல்லயே கெடக்கட்டும்லே!"