பந்து பிடிபடும் வரை

"பந்து மேல போன ஒடன ஓடவாணாம் அண்ணே! இது கிரிக்கெட் இல்ல, பேஸ்போல்," என்று தலையில் கைவைத்தான் ஸமீம். கொழும்பு வெள்ளவத்தையில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவன் அவன்.

திரையில் யோகநாதனின் ஆள் மறுபடியும் அவுட்.

"அந்த விமலன் அவுட்டே ஆகமாட்டானாம். நேற்றும் ஃபோனில சங்கவி அவனைப் பற்றித்தான் கதைச்சவள். அவனை மாதிரி ஒருத்தரும் ஓடமாட்டினமாம்! கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது, ஸமீம்."

"அவன் பக்கத்தில ஈக்கான், நீங்க தூரத்தில. மனசு சாயத்தானே செய்யும்."

"அதுதான் பயம். இண்டைக்கு ஓடிப் பழகாமல் நான் எழும்பமாட்டன்."

"ரோட்டில ஆமி செக்கிங் தொடங்க முந்தி நீங்க தங்கியிருக்கிற லொட்ஜுக்குப் போகணும் அண்ணே. கடைசி ஆட்டம். அவங்க பந்தைப் புடிச்சா அடிச்சவன்தான் அவுட்; புடிக்கும் வரைக்கும் மத்தவன் பேஸிலயே, அந்த வெள்ளைச் சதுரத்திலயே நிக்கணும். புடிச்ச பொறகு ஓடுங்க."

யோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பந்து பிடிபட்டதும் பட்டனை அழுத்தினான். அவனுடைய ஆள் பாய்ந்தோடி ஓட்டம் எடுத்துவிட்டான்!

அதே நேரம் கைபேசி அடித்தது. கனடா இலக்கம்.

"சங்கவி! எனக்கும் இப்ப ஓடத் தெரியும். விமலனை விட வடிவா ஓடுவன்!"

மறுமுனையிலிருந்து சங்கவியின் குரல் வந்தது.

"சனிக்கிழமை எங்கட ஸ்கூலில அப்பாமாரோட பேஸ்போல் மேட்ச். உங்களுக்கு விசா இன்னும் வரேல்லைதானே... விமலன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகட்டே, அப்பா?"